64-ல் ஒரு பங்கு எண்ணூர்

டை-காஸ்ட் பொம்மைக் கார்களை வாங்கி அட்டையைப் பிரிக்காமல் அடுக்கி வைப்பவர்கள் ஒரு ரகம். பிரித்து, வெளியே எடுத்துப்போய்ப் படம் எடுப்பவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது. அதிலும் பேட்மொபைல், டார்த் வேடர் கார் மாதிரி கதாபாத்திரக் கார்கள்தான் நமக்கு இஷ்டம். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் அவற்றைப் படம் எடுப்பதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கு.

முதலில் அளவு. இவற்றை 1:64 என்பார்கள். கம்பெனிக்காரர்கள் இதில் அவ்வளவு கறார் இல்லை. எல்லாக் காரும் ஒரே அட்டையில் அடங்கணும், அவ்வளவுதான். 1966 டிவி தொடரில் வந்த பேட்மொபைல், 1955-ல் செய்த லிங்கன் ஃபியூச்சரா என்ற காட்சிக் காரை மாற்றிக் கட்டியது. நீளம் ஏறக்குறைய 19 அடி. 64-ஆல் வகுத்தால் மூன்றரை அங்குலம் வரணும். கையில் இருப்பதோ மூன்று அங்குலம். டார்த் வேடர் கார் இன்னும் வேடிக்கை. படத்தில் அப்படி ஒரு காரே கிடையாது. அவருடைய தலைக்கவசத்தையே கார் ஆக்கினார்கள். 2014-ல் ஒரு கார்வெட் சேஸிஸ் மேல் அதே வடிவத்தில் ஓடுகிற பெரிய காரையும் கட்டிக் காட்டினார்கள். பொம்மைக்காக அசல்!

ஆக, போட்டோவில் கார் எவ்வளவு பெரிசு என்று சொல்வது பின்னணிதான்.

நின்று பார்க்கிற மனுஷனின் கண் தரையிலிருந்து சுமார் 160 செ.மீ. அதில் 64-ல் ஒரு பங்கு இரண்டரை செ.மீ. போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் அந்த உயரத்துக்கு வந்துவிடும். மேலிருந்து எடுத்தால் பொம்மை பொம்மையாகத்தான் தெரியும். அடுத்தது தூரம். லென்ஸிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைத்த கார், சுமார் பத்து மீட்டர் தள்ளி நிற்கிற நிஜக் கார் அளவுக்குத் தெரியும். அதே பத்து மீட்டரில் ஒரு நிஜச் சுவர் இருந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனின் தூண்களை, ரோட்டோரத்துக் கைப்பிடிச் சுவரில் காரை வைத்து இப்படி எடுக்கலாம். இதற்குப் பெரிய கேமராவைவிட போன் தேவலை. அதன் சென்சார் சின்னது, அதனால் முன்னாடியும் பின்னாடியும் ஓரளவு தெளிவாக விழும்.

ஆனால் தரைதான் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணியையும் மணலையும் 64-ஆல் வகுக்க முடியாதே. காசிமேட்டில் ஐஸ் உருகி வழிகிற ஒரு சொட்டு, பேட்மொபைல் மேல் பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருக்கும். திருவொற்றியூர் கடற்கரையில் அரை மில்லிமீட்டர் மணல், படத்தில் மூன்று செ.மீ. ஜல்லி.

சரியாகப் பொருந்துகிற தரை ஒன்று உண்டு. அது எண்ணூர் சாம்பல். நிலக்கரியை எரித்து மிஞ்சுகிற பறக்கும் சாம்பலின் துகள்கள் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அதற்கும் கீழே. 64-ஆல் பெருக்கினால் நிஜ மணல், நிஜப் புழுதி. வடசென்னை அனல் மின் நிலையத்திலிருந்து சேப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிற குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் படிந்திருப்பது இதுதான். சாம்பல் நிறம், ஒரு புல் கிடையாது, காத்து வரைந்த கோடுகள். டார்த் வேடர் காரை அங்கே வைத்தால் ஒரு எடிட்டிங்கும் வேண்டாம், வேற்றுக்கிரகம் ரெடி. அந்தப் படத்தைப் பார்த்த வெளியூர் நண்பர் ஒருத்தர் "ஐஸ்லாந்தா?" என்றார். எண்ணூர் என்றேன். நான் எடுத்ததிலேயே நம்பும்படியான படம் அதுதான், எனக்கே அது சங்கடம். ஃபிரேமுக்கு நாலடி தள்ளி, இடுப்பளவுத் தண்ணியில் இறங்கிக் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது 1:1.

அங்கே போவதானால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் துகள் மூச்சில் உள்ளே போகிற அளவு. காரை அங்கேயே தட்டித் துடைத்து, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில் கழுவணும். பாடி துத்தநாகக் கலவை. பெயின்ட் உரிந்த இடத்தில் உப்புக்காத்து பட்டால் வெள்ளையாகப் பூக்கும், இரும்பு ஆக்ஸில் துரு ஏறும். கழுவாத காரைக் குழந்தை கையில் கொடுக்காதீங்க. எங்கள் வீட்டில் அது நேராக வாய்க்குத்தான் போகும்.