கண்டிச்சீமையை ஜெயித்த தொண்டமான்!

இலங்கையின் தேயிலை மலைகளை நம் தென்மாவட்டத்துப் பெரியவர்கள் 'கண்டிச்சீமை' என்பார்கள். பஞ்சம் பிழைக்க அங்கே போனவர்களில் கருப்பையாவும் ஒருவர். தோட்டத்தில் கூலியாகச் சேர்ந்து, கங்காணியாகி, கடைசியில் ரம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கிவிட்டார்! அவர் மகன்தான் சௌமியமூர்த்தி தொண்டமான். 1913-ல் இன்றைய சிவகங்கை மாவட்டத்து முனப்புதூரில் பிறந்து, சிறுவனாக அப்பாவிடம் போய்ச் சேர்ந்தவர்.

தோட்ட முதலாளியின் பிள்ளை தொழிலாளர் சங்கத் தலைவரானது விந்தைதான். அதைச் சொல்லிக்காட்டாத எதிராளியே இல்லை.

1947 தேர்தலில் நுவரெலியாவில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். மறு ஆண்டே வந்தது குடியுரிமைச் சட்டம். தலைமுறையாக உழைத்த லட்சக்கணக்கான தமிழர்கள் 'நாடற்றவர்கள்' ஆனார்கள். பின்னாலேயே ஓட்டும் போனது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவின் கணக்கு, 3,00,000 பேர் இலங்கையின் கணக்கு. ஆட்களை மூட்டை மாதிரி பங்கு போட்டார்கள். தொண்டமான் எதிர்த்தார்.

1977-ல் மறுபடி ஜெயித்தார். 1978-ல் ஜெயவர்த்தன அரசில் அமைச்சர். அமைச்சராக இருந்துகொண்டே 1986 ஜனவரியில் ஒரு காரியம் செய்தார். 'காலையில் கொழுந்து பறிக்கப் போகாதீர்கள், பிரார்த்தனை செய்யுங்கள்' என்றார். தோட்டங்கள் ஸ்தம்பித்தன, அரசு இறங்கிவந்தது. 1988-ல் குடியுரிமைக்குத் தனிச் சட்டமே வந்தது.

1994-ல் சந்திரிகா ஆட்சியில் கால்நடைத் துறையும் தோட்ட உட்கட்டமைப்பும் அவர் பொறுப்பு. 1999 அக்டோபர் 30-ல் இறக்கும்போதும் அவர் அமைச்சர்தான். விடுபட்டவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-ல் வந்தது.