வார்டுதான் வகுப்பறை!

டாக்டர்கள் 5 வருடத்துக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்கிறது மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதி. ஏ.சி. ஹாலில் உட்கார்ந்து கேட்கும் லெக்சரும் கணக்கில் சேரும்!

இரும்புலியூருக்குப் பக்கத்திலிருக்கும் தாம்பரம் சானடோரியத்தில் நடந்ததோ வேறு மாதிரி. 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கப்பட்ட மருத்துவமனை அது. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி கூட்டு மருந்து இலவசமாக முதலில் கிடைத்த இடங்களில் ஒன்று. மருந்து ரெடி. ஆனால், சீனியர் டாக்டர்கள் பலர் கல்லூரியில் படித்தபோது இந்த நோயே பாடத்தில் இல்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக 'ஐ-டெக்' அமைப்புடன் சேர்ந்து இங்கேயே பயிற்சி மையம் வந்தது. பணியிலிருக்கும் டாக்டர்கள் நோயாளியின் கட்டிலருகே நின்று கற்றார்கள். காசநோயும் சேர்ந்திருந்தால் எது முதலில்? காசநோய் மருந்து, உடம்பு அதற்குப் பழகிய பிறகே எச்.ஐ.வி மருந்து. தொடவே பலரும் தயங்கிய நோயாளிகளின் நாடியைப் பிடித்தபடி படித்த பாடம் இது.