நடை பழகும் பிள்ளைக்கு எந்தக் கோல்?

ஒரு பிள்ளை நடக்கச் சிரமப்பட்டால், அயலவர் எவராவது பரணில் கிடந்த ஊன்றுகோலைக் கொண்டுவந்து கொடுப்பது நம் கிராமங்களின் வழக்கம். நல்ல மனந்தான். ஆனால் அந்தக் கோல் பெரும்பாலும் போலியோ வந்த ஒருவருடையதாகவோ, போரில் காலை இழந்த ஒருவருடையதாகவோ இருக்கும். அவர்களுக்குக் கைகளில் பலமும் உடம்பில் சமநிலையும் இருந்தன. இலங்கையில் கடைசியாகப் போலியோ கண்டறியப்பட்டது 1993இல். இன்று நாம் சந்திக்கும் பிள்ளைகள் பலருக்கு இருப்பது மூளை முடக்குவாதம். கால் மட்டுமல்ல, இடுப்பும் முதுகும் கையுங்கூட அவர்களுக்குச் சொல்வழி கேட்பதில்லை.

ஆகவே, கோலைப் பார்க்குமுன் பிள்ளையைப் பார்ப்போம். தானாக இருக்குமா? பிடித்துக்கொண்டு நிற்குமா? கை இறுகப் பற்றுமா? நிற்கவே தடுமாறும் பிள்ளைக்கு முற்றத்திலேயே பயிற்சியைத் தொடங்கலாம். நான்கு கட்டைகளை நட்டு, சிராய் போக இழைத்த கமுகஞ் சலாகைகளை இருபுறமும் பிள்ளையின் இடுப்பு உயரத்தில் கட்டுங்கள். பிடிக்கும்போது முழங்கை சற்றே மடிந்திருக்க வேண்டும். இன்னொரு காணிக்கு இடம்பெயர நேர்ந்தாலும் ஒரு பொழுதில் மறுபடி நட்டுவிடலாம்.

அடுத்தது நடைச்சட்டம். முன்னால் தள்ளும் சட்டத்தில் இப்பிள்ளைகள் பலர் கூனிச் சாய்வார்கள். பின்னால் இழுத்துச் செல்லும் சட்டம் அவர்களை நிமிர்த்தும். சிறிய சில்லுகள் சீமெந்து நிலத்தில் நன்றாக ஓடும், மணல் முற்றத்தில் புதையும். உதவி கொடுப்போர் இதைக் கேட்கமாட்டார்கள். நாம்தான் சொல்ல வேண்டும். வெளிநாட்டு உறவினர் அனுப்பும், தொங்கும் இருக்கையுள்ள குழந்தை வண்டி வேண்டவே வேண்டாம். பிள்ளை நுனிக்காலால் உந்தப் பழகிவிடும். கனடாவில் 2004ஆம் ஆண்டே அதன் விற்பனை தடைசெய்யப்பட்டது.

சமநிலை வந்த பிள்ளைக்கே ஊன்றுகோல். கோலின் தலைக்கும் கமக்கட்டுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும். கமக்கட்டில் தொங்கினால் அங்குள்ள நரம்பு நசுங்கிக் கை விறைக்கும். நாளடைவில் பலமும் குறையும். நீளமான பழைய கோலைத் தச்சரிடம் கொடுத்து அடியை வெட்டுவதோடு, கைபிடியையும் அளவுக்கு மாற்றுங்கள். வெட்டிய அடிக்குப் பழைய சயிக்கிள் ரயர்த் துண்டை இறுக்கி அடிக்கலாம். பிள்ளை வளரும், சில மாதங்களுக்கு ஒருமுறை அளவு பாருங்கள்.

வைத்தியசாலையில் இயன்மருத்துவரைக் காணச் செல்லும்போது அளவு எழுதிய துண்டு மட்டும் போதாது. பிள்ளையையும் பழைய கோலையும் கூட்டிச் செல்லுங்கள். வீட்டு நிலம் மணலா, சேறா, சீமெந்தா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.