சைமன் அடித்த கோலும் வளர்த்த அணியும்

எங்கள் தூத்துக்குடியை முத்துநகர் என்று இன்றும் சொல்கிறோம். கடைசியாக முத்துக்குளிக்கப் படகுகள் கடலில் சிப்பி விளையும் பாருக்குப் போனது 1961-இல். அதற்கு முந்தின வருஷம், 1960 செப்டம்பர் 1 அன்று, இத்தாலியின் லாக்கிலா நகரில் இந்தியா பெருவிடம் 3-1 என்று தோற்றது. ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். அன்று நமக்குக் கிடைத்த ஒற்றைக் கோலை அடித்தவர் சைமன் சுந்தர்ராஜ். தமிழ்நாட்டுக்காரர், முன்கள ஆட்டக்காரர்.

அவர் அடித்தது என்றுதான் நம் பக்கம் பேச்சு. சில பதிவேடுகளில் அந்தக் கோல் துளசிதாஸ் பலராமின் கணக்கில் இருக்கிறது. பலராமும் செகந்தராபாத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஆக, கோல் வீட்டை விட்டு எங்கும் போய்விடவில்லை.

சைமன் பயிற்சியாளராகச் செய்ததில் இந்த வழக்கே கிடையாது. 1973 டிசம்பர் 27, எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானம். தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே ரயில்வே அணி. கேரளக் கேப்டன் மணி மூன்று கோல் போட்டார், 3-2. கேரளாவுக்கு அதுவே முதல் சந்தோஷ் கோப்பை. கேப்டன் மணியைக் கேரளம் கடைசிவரை கொண்டாடியது. அந்த அணியை உருவாக்கிய சைமனை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் ஊர்த் தருவை மைதானத்தில் நான் கேட்டுப் பார்த்த பையன்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நாம் சொல்லிக் கொடுத்தால்தானே.

அதே 1973-இல் இன்னொன்றும் நடந்தது. இங்கே, மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அழகர்சாமி, சிப்பிக்குள் கரு வைத்து உருண்டை முத்து விளைவித்தார். மூச்சைப் பிடித்து முங்கி, கிடைத்ததை அள்ளி வருவது ஒரு வேலை. சிப்பியை நோகாமல் திறந்து, கரு வைத்து, கூண்டில் கட்டித் தொங்கவிட்டு, மாசக்கணக்கில் காத்துக் கிடப்பது வேறு வேலை. கோல் அடிப்பவனுக்கும் அணி வளர்ப்பவனுக்கும் உள்ள தூரமும் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் காலத்தில் நன்றாகப் பந்தடித்தால் வங்கியிலோ ரயில்வேயிலோ வேலை கிடைக்கும். கால் தளர்ந்ததும் மேஜை, ஃபைல், பென்ஷன். ஆட்ட அறிவெல்லாம் அந்த மேஜையோடு முடிந்துபோகும். பயிற்சியாளர் என்றால் கழுத்தில் விசில், கையில் பந்துப் பை, அவ்வளவுதான். இப்போது உரிமம் வேண்டும், அதிலும் படிப்படியாகத் தரம் உண்டு. பெரிய கிளப்பில் கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சியாளர், உடற்தகுதிக்கு ஒருவர், வீடியோ பார்த்து அலச ஒருவர்.

தருவையிலும் காற்று மாறியிருக்கிறது. சாயங்காலம் ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்து, எட்டு வயசுப் பொடியன்களை வளைந்து வளைந்து பந்து ஓட்டச் சொல்கிறார் ஒரு பயிற்சியாளர். ஒருவன் பூட்ஸ் இரண்டு அளவு பெரிசு. முனையில் துணி அடைத்திருக்கிறான். கூம்பு தவறும்போதெல்லாம் திட்டு பூட்ஸுக்குத்தான் விழுகிறது.

இந்தியன் வங்கிக்கும் இந்தியாவுக்கும் ஆடிய சென்னை ஸ்ட்ரைக்கர் சபீர் பாஷாவின் கதை அண்மைக் காலத்தது. சென்னையின் எஃப்சி கிளப் 2014-இல் தொடங்கியது. மெட்டராசி, கிரிகரி, கோய்ல், லாஸ்லோ, பண்டோவிச் என்று 2022 வரை தலைமைப் பயிற்சியாளர்கள் எல்லாரும் வெளிநாட்டுக்காரர்கள். கோப்பையும் இரண்டு முறை வந்தது, அதை மறுக்க முடியாது. 2022 பிப்ரவரியில் பண்டோவிச் பாதியில் விலகியதும், துணைப் பயிற்சியாளராக இருந்த பாஷாவிடம் மிச்ச ஆட்டங்களைக் கொடுத்தார்கள். அடுத்த சீசனுக்கு ஒரு ஜெர்மன்காரர் வந்துவிட்டார். நம் ஆளை இடைக்கால வேலைக்கு மட்டும் கூப்பிடுவது எனக்குச் சம்மதமில்லை.

கேரளா 2022 வரை ஏழு முறை சந்தோஷ் கோப்பையை வென்றுவிட்டது. முதலாவதை வாங்கிக் கொடுத்தவர் ஒரு தமிழர். தமிழ்நாடு 2012-இல் இறுதி ஆட்டம்வரை போய் சர்வீசஸிடம் 3-2 என்று தோற்றது. இன்றுவரை ஒரு முறைகூட வென்றதில்லை.