கொண்டைக்கடலை மண்டி

நூல் பயில்வோர்க்கு அடுப்பைப் பற்றிய பேச்சு எற்றுக்கு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நாள் தவறாது நிகழும் தொழில்களுள் சமையலே தலையாயது. அதனைப் பற்றி நாம் சிந்தியாதிருத்தற்குக் காரணம், அதனை நமக்காகப் பிறர் செய்து முடித்துவிடுகின்றனர் என்பதே. அப்பிறர் பெரும்பாலும் நம் அன்னையர். மாலையில் அவர் படும் பாட்டைக் குறைத்து, அவரும் நம்முடன் வேளையோடு அமர்ந்து உண்ணுமாறு செய்யத்தக்க எளிய கறி ஒன்று உண்டு. செட்டிநாட்டார் அதனை 'மண்டி' என்பர். கொண்டைக்கடலையைக் கொண்டு ஆக்கும் மண்டியைப் பற்றி ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

ஒக்கூரும் உணவு வேளையும்

சிவகங்கை மாவட்டத்திலுள்ள ஒக்கூர், செட்டிநாட்டு நகரத்தார் ஊர்களுள் ஒன்று. தமிழ் பயில்வார் அவ்வூரை மாசாத்தியார், மாசாத்தனார் என்னும் சங்கப் புலவர் இருவர் பெயரோடு சேர்த்தே அறிவர். மாசாத்தியார் பெண்பாற் புலவர்; அவர் பாடியனவாகக் கிடைப்பன எட்டுப் பாடல்கள். அவற்றுள் ஒன்று அகநானூற்று 384ஆம் பாட்டு. வினை முடித்துத் தேரேறி மீளும் தலைவன், தேரின் விரைவைக் கண்டு வியந்து, பாகனைத் தழுவி அவனையும் உடனழைத்து மனை புகுகின்றான். தலைவி விருந்தோம்பும் பேறு பெறுகின்றாள். மாசாத்தனார் பாடியனவாகக் கிடைப்பன இரண்டே. அவற்றுள் புறநானூற்று 248ஆம் பாட்டு, கணவனை இழந்த ஒருத்தி, வேளை தப்பிய பொழுதில் ஆம்பலின் அல்லியரிசியை உண்டு நாட்கழிக்கும் துயரைக் கூறுகின்றது.

ஒரு பாட்டிற் பெண் பிறர்க்கு உணவு படைக்கின்றாள். மற்றொரு பாட்டில் தனக்கென வேளையும் நல்லுணவும் அற்றவளாகின்றாள். ஒரு மனையிற் பெண்ணின் நிலை யாது என்பதை, அவள் எப்பொழுது, எதனை உண்கின்றாள் என்பதனால் அறியலாம் என்னும் உண்மை, இவ்விரு பாட்டையும் அடுத்தடுத்துப் படிப்பார்க்குப் புலனாகும்.

இது பழங்காலத்தோடு ஒழிந்த செய்தி என்று தள்ளத்தக்கதன்று. 2019ஆம் ஆண்டு முதல் 2021ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர். தமிழ்நாட்டில் அவ்வெண் 53. இதற்குக் காரணங்கள் பல. இரும்புச்சத்துக் குறைந்த உணவு அவற்றுள் ஒன்று. பொழுதெல்லாம் உழைத்து, இரவில் அனைவரும் உண்டபின் சட்டியில் எஞ்சிய குழம்பைச் சோற்றிற் பிசைந்து உண்ணும் தாய்க்குப் பருப்பும் காயும் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் நோக்குக.

மண்டி என்பது யாது?

செட்டிநாட்டுச் சமையல் என்றவுடன் வெளியூரார் நாவில் ஊறுவது கோழி வறுவலும் ஆட்டுக்கறிக் குழம்புமே. பட்டை, கல்பாசி, அன்னாசிப்பூ முதலியவற்றின் மணமே அந்நாட்டு அடுப்பின் அடையாளம் என எண்ணுவாரும் உளர். ஆயினும் அவ்வடுப்பிலே ஊனும் பாலும் நெய்யும் சேராமல், அரைக்கும் வேலையும் இல்லாமல் விரைவில் ஆகும் கறிகளும் உள. மண்டி அவற்றுள் ஒன்று.

மண்டி என்னும் சொல்லுக்கு வண்டல் என்பது பொருள். அரிசி களைந்த நீரைச் சிறிது பொழுது அசையாது வைப்பின், வெண்ணிறமான மாவு அடியிற் படியும். நாட்டுப்புறத்தில் 'கழனித் தண்ணீர்' என்று சொல்லிப் பசுவின் தொட்டியில் ஊற்றும் அந்நீரையே கலக்கிப் புளியைக் கரைத்து, அதிலே காயையும் பயற்றையும் வேகவிடுவது மண்டியின் முறை. தேங்காய் அரைத்து விடுதலால் வரும் குழைவை இந்நீரிலுள்ள மாவே தந்துவிடும். அரிசியைக் களையும்போது கரைந்தோடும் உயிர்ச்சத்தில் ஒரு பகுதியும் இதனால் நம் இலைக்கு மீள்கின்றது. வெண்டைக்காய், கத்திரிக்காய், மாங்காய், மொச்சை ஆகிய எதனையும் மண்டியாக்கலாம். கொண்டைக்கடலையைச் சேர்த்தால், அதுவே ஓர் இரவுணவுக்குப் போதிய வலிமை பெறும்.

சைவ உணவு என்று நாம் வழங்குவதிற் பாலும் தயிரும் நெய்யும் அடங்கும். அவற்றையும் நீக்கி, விலங்கினிடமிருந்து பெறும் யாதொன்றையும் கொள்ளாத உணவினர்க்கு 'வீகன்' என்னும் பெயர், 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பாரும் அவர்தம் நண்பரும் கழகம் கண்டபோது தோன்றியது. தமிழில் இதனை 'நனிசைவம்' என்பர். பெயர் அண்மைக் காலத்தது. நல்லெண்ணெயில் தாளித்துப் புளியிற் கொதிக்கும் மண்டியோ, அப்பெயரை அறியாமலே நனிசைவமாக இருந்து வருகின்றது.

கடலையின் வரலாறு

கொண்டைக்கடலை தோன்றிய இடம், இன்று துருக்கி நாட்டின் தென்கிழக்கும் சிரியாவும் ஆகிய நிலப்பகுதி என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. இலத்தீன் மொழியில் இதற்குச் 'சைசர்' என்று பெயர். உரோமப் பேரறிஞர் சிசரோவின் குடிப்பெயர் இச்சொல்லிலிருந்தே வந்தது. முன்னோர் ஒருவர் மூக்கின் நுனி கடலையைப் போற் பிளவுபட்டிருந்தமையால் அப்பெயர் எய்திற்று எனப் புளுட்டார்க் எழுதியுள்ளார். பயிர்நூலார் இதற்கு இட்ட பெயரின் பிற்பகுதி 'ஆட்டுக்கடாவின் தலை போன்றது' எனப் பொருள்படும். கடலை ஒன்றைக் கையில் எடுத்து அதன் கூர்மூக்கையும் வளைவையும் நோக்குவார் அப்பெயரின் பொருத்தத்தை உணர்வர்.

இன்று உலகில் விளையும் கொண்டைக்கடலையிற் பாதிக்கு மேல் நம் நாட்டிலேயே விளைகின்றது. மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், இராசத்தான் ஆகியவை அதிற் சிறந்தவை. மழைக்காலத்தின் இறுதியில் விதைத்தால், மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே விளைந்துவிடும். அதன் வேரிலுள்ள முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணுக்கு உரமாக்குகின்றன. நமக்குக் கிடைக்கும் கடலை இருவகைத்து: சிறியதும் தோல் தடித்ததுமான கறுப்புக் கடலை, பெரியதும் தோல் மெல்லியதுமான வெள்ளைக் கடலை. மண்டிக்கு இரண்டும் ஏற்கும்; விரைந்து வேவது வெள்ளை, சுவை மிகுந்தது கறுப்பு.

விரைவின் மறைபொருள்

ஒரு மணிக்குள் முடியும் கறி என்று சொல்லிக் கடலையைக் காட்டுதல் முரணாகத் தோன்றலாம். உலர்ந்த கடலையை அப்படியே அடுப்பிலேற்றினால் இரண்டு மணி நேரம் ஆயினும் மெத்தென வேகாது. மாலையின் விரைவு காலையிலேயே தொடங்குகின்றது. காலையிற் கடலையைக் கழுவி, அதன் மூன்று மடங்கு நீரில் சிறிது உப்பிட்டு ஊறவைத்துச் சென்றால், எட்டு மணி முதல் பத்து மணி நேரத்தில் அது இருமடங்கு எடையாகப் பருத்துவிடும். கோடையில் நீர் புளித்து நுரைப்பதுண்டு. அக்காலத்தில் இரவே ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து வைத்துச் செல்லுதல் நன்று. மாலையில் முளை அரும்பத் தொடங்கியிருக்கும். இரண்டையும் மறந்தார்க்கும் ஒரு வழியுண்டு. கடலையை நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கி, ஒரு மணி நேரம் மூடி வைத்தல் அவ்வழி.

அடுத்து அறியத்தக்கது புளியின் இயல்பு. கடலையின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்பது 'பெக்டின்' என்னும் பசைப்பொருள். வெந்நீரில் அது கரைந்தாற்றான் கடலை குழையும். புளிப்பு அதனைக் கரையவிடாது இறுக்கிவிடும். சுண்ணாம்புச்சத்து மிகுந்த கிணற்று நீரும் அவ்வாறே செய்யும். ஆதலின், கடலை முற்றும் வெந்த பின்னரே புளிநீரிற் சேர்க்க வேண்டும். முன்னரே சேர்த்துவிட்டால் நள்ளிரவு வரை எரித்தும் பயனில்லை. கடின நீருள்ள ஊரில், வேகவைக்கும்போது ஒரு சிட்டிகை சமையற் சோடா இடலாம். அளவு மிகுந்தால் சுவை கெடுவதோடு, தயமின் என்னும் உயிர்ச்சத்தும் அழியும்.

குக்கர் உதவும் முறையும் எளிதில் விளங்கும். திறந்த கலத்தில் நீர் 100 பாகைக்கு மேற் சூடேறுவதில்லை. ஆவியை அடைத்து அழுத்தம் ஏற்றினால் அது ஏறத்தாழ 120 பாகை வரை செல்லும். டெனி பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1679ஆம் ஆண்டிலேயே இவ்வுண்மையைக் கலமாக்கிக் காட்டினார். அதன் வழித்தோன்றலே நம் வீட்டுக் குக்கர்.

செய்முறை

நால்வர்க்கு வேண்டுவன: கொண்டைக்கடலை 200 கிராம், கத்திரிக்காய் நான்கு, அல்லது வெண்டைக்காய் பத்து, சின்ன வெங்காயம் இருபது, பூண்டு பத்துப் பல், பச்சைமிளகாய் ஐந்து, சிறிய எலுமிச்சங்காய் அளவு புளி, அரிசி களைந்த இரண்டாம் நீர் 600 மில்லிலிட்டர், நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, கடுகு, உளுத்தம்பருப்பு, சிறிது வெந்தயம், பெருங்காயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு.

ஊறிய கடலையை வேறு நீர் விட்டுக் குக்கரில் ஏற்றுக. வெள்ளைக் கடலைக்கு நான்கு விசில், கறுப்புக் கடலைக்கு ஆறு விசில் போதும். விரலால் அழுத்தினால் மசிய வேண்டும். தோல் கழன்று கூழாகலாகாது. அது வேகும் நேரத்தில் சோற்றுக்கு அரிசி களைக. முதல் நீரைக் கொட்டிவிட்டு இரண்டாம் நீரை எடுத்து, அதிற் புளியை ஊறவைத்துக் கரைத்து வடித்துக்கொள்க. வெங்காயத்தையும் பூண்டையும் உரித்து முழுதாகவே வைக்க, பச்சைமிளகாயைக் கீறுக, காயை நீளவாக்கில் அரிக.

மண்சட்டியோ இருப்புச்சட்டியோ அடுப்பிலேற்றி, எண்ணெய் காய்ந்ததும் கடுகும் உளுத்தம்பருப்பும் வெந்தயமும் இட்டுத் தாளிக்க. வெந்தயம் கருகினாற் கறி முழுதும் கசக்கும். அது சிவந்தவுடன் பெருங்காயம், கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு, மிளகாய் ஆகியவற்றை இட்டு, வெங்காயம் பளபளக்கும் வரை வதக்குக. பின் காயைச் சேர்த்து ஐந்து நிமிடம் வதக்கி, வெந்த கடலையை இடுக. புளி கரைத்த நீரை அடிமண்டியோடு கலக்கி ஊற்றி, மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கொதிக்கவிடுக. அடிப்பிடிக்கும் இயல்புடையது; ஆதலின் இடையிடையே கிளறுக. பதினைந்து நிமிடத்திற் புளியின் பச்சைமணம் நீங்கிக் குழம்பு அகப்பையில் ஒட்டும் பதம் வரும். அகப்பையின் பின்புறத்தால் நாலைந்து கடலையை நசுக்கிவிட்டால் குழைவு மிகும். இறக்குமுன் ஒரு கரண்டி பச்சை நல்லெண்ணெய் விடுதல் சுவைக்கு அணி செய்யும். குக்கர் ஏற்றியது முதல் சட்டி இறக்கியது வரை நாற்பது நிமிடத்திற்கு மேற் செல்லாது. அதற்குள் சோறும் ஆகிவிடும்.

பயனும் வரம்பும்

200 கிராம் கடலையில் ஏறத்தாழ 40 கிராம் புரதம் உண்டு. நால்வர்க்குப் பகிர்ந்தால் ஆளுக்குப் பத்துக் கிராம். அரிசியில் லைசின் என்னும் புரதக்கூறு குறைவு. கடலையில் அது நிறைவு. கடலையிற் குறைந்த மெதியோனின் அரிசியில் உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புதலின், சோறும் கடலையும் சேர்ந்தே சிறந்த உணவாகின்றன.

இரும்புச்சத்தோ ஆளுக்கு இரண்டு மில்லிகிராம் அளவே வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டில் வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு வகுத்த அளவு 29 மில்லிகிராம். ஆதலின் மண்டியே சோகைக்கு மருந்தாகும் என்று கூறுதல் பொய்யாகும்; சோகையுற்றார் மருத்துவரை நாடல் வேண்டும். எனினும் கீரை, பயறு, கம்பு, கேழ்வரகு என்று நாள்தோறும் சேரும் பலவற்றுள் இதுவும் ஒன்றாகும். உண்ணும்போது எலுமிச்சை பிழிந்த வெங்காயத்தையோ நெல்லிக்காயையோ உடன் கொண்டால், பயற்றிலுள்ள இரும்பை உடல் நன்கு ஏற்கும். உண்டவுடன் தேநீர் பருகினால் அதன் துவர்ப்பு அவ்விரும்பைத் தடுத்துவிடும். இன்னும் ஒன்று: பாலையும் முற்றும் நீக்கி எந்நாளும் நனிசைவமே உண்பார், செடியுணவிற் கிடைக்காத பி12 என்னும் உயிர்ச்சத்தை மருத்துவர் அறிவுரைப்படி தனியே பெறுதல் இன்றியமையாதது.

பிற நாட்டு அடுப்புகள்

கடலை தோன்றிய மேற்காசியாவில் அதனை வேகவைத்து மசித்து, எள்ளை அரைத்த விழுதும் எலுமிச்சைச் சாறும் பூண்டும் கூட்டி 'உம்முசு' என்னும் உணவாக்கி அப்பத்தோடு உண்பர். அங்கே எள் விழுது, இங்கே நல்லெண்ணெய். அங்கே எலுமிச்சை, இங்கே புளி. அங்கே அப்பம், இங்கே சோறு. எத்தியோப்பியக் கிறிஸ்தவர் ஆண்டில் மிகப் பல நாட்கள் ஊனும் பாலும் நீக்கி நோன்பு காப்பவர். அந்நாட்களில் அவர்க்குத் துணையாவது, கடலை மாவிற் காய்ச்சும் 'சீரோ' என்னும் குழம்பு. ஒருவரையொருவர் காணாத சமையலறைகள் ஒரே கூட்டைக் கண்டறிந்தமை வியப்புக்குரியது. எளியோர் கையிற் கிடைப்பனவற்றைக் கொண்டு வயிறும் உடலும் நிறைய ஆக்கும் அறிவு எல்லா நாட்டிலும் தாய்மாரிடமே வளர்ந்தது.

அவ்வறிவுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி ஒன்றுண்டு. காலையில் ஓர் ஆழாக்குக் கடலையை நீரிலிடுதற்கு ஆனர்ஸ் பட்டம் வேண்டுவதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் எவரும் அதனைச் செய்யலாம். வெங்காயம் உரித்தற்கும் பத்து நிமிடம் போதும். அங்ஙனம் செய்தபின், மண்டி இறங்கியதும் முதலில் ஓர் இலை கூடுதலாக விரித்து, சமைத்தவரையும் உடன் அமரச் செய்க. சட்டியின் அடியிற் கடலை எஞ்சியுள்ளதா என்று அவர் பார்க்க நேராத இரவே நல்லிரவு.