மலையிலிருந்து கரையோரத்துக்குக் குடிபோகுமுன்



தீபாவளிக்கு வந்த பிள்ளைகள் லீவு முடிந்து பஸ் ஏறும்போது, கூடவே இரண்டு மூன்று குடும்பங்களும் மூட்டை கட்டுவதை இப்போது எல்லாத் தோட்டங்களிலும் பார்க்கிறோம். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. அன்றிலிருந்து வத்தளை, ஜா-எல, நீர்கொழும்பு என்று அந்தக் கரையோரம் முழுக்க வளர்ந்துகொண்டே போகிறது. கார்மென்ட், ஹோட்டல், கடை, கட்டட வேலை என்று எதற்கும் ஆள் தேவை. போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் “போயிட்டு அங்க பாத்துக்கலாம்” என்று புறப்பட்டவர்கள் பட்ட கஷ்டத்தை நாம் கண்டிருக்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

சொல்லாமல் போகாதீர்கள்

பலர் பிரட்டுக்களத்தில் ஒரு வார்த்தை சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள். இதில் நஷ்டம் நமக்குத்தான். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவர், தானாக விலகினாலும் சேவைக்காலப் பணம் பெற உரித்துடையவர். இது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். நாட்கூலிக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். 12 வருடம் கொழுந்து எடுத்த ஒரு அக்காவுக்கு 168 நாள் சம்பளம் வரவேண்டும். வேலை விலகி 30 நாளுக்குள் அதைக் கொடுக்கவேண்டும். ஆகவே விலகல் கடிதத்தை எழுதிக் கொடுத்து, பிரதியில் தேதியும் கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.

ஈ.பி.எஃப். காசும் எங்கும் போய்விடாது. பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில் எடுக்கலாம். ஆனால் ஈ.பி.எஃப். பதிவில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர் என்றிருந்தால் அந்த வயதில் அலைச்சல்தான். தோட்டத்து ஆபிஸ் பக்கத்தில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். புதிய இடத்திலும் உங்களிடம் 8 வீதம் பிடித்து, முதலாளி 12 வீதம் போடுகிறாரா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள்.

முதலில் ஒருவர் போகட்டும்

குடும்பத்தோடு ஒரேயடியாக இறங்குவதை விட, ஒருவர் முன்னால் போய் வேலையையும் வாடகையையும் கணக்குப் பார்ப்பது நல்லது. லயத்துக் காம்பராவில் வாடகை இல்லை. விறகு, தோட்டத்து மரக்கறி உண்டு. அங்கே எல்லாவற்றுக்கும் காசு. வீட்டு அட்வான்ஸ் கொடுத்தால் ரசீது கேளுங்கள். கிணற்றுத் தண்ணீர் சில இடங்களில் உப்பு. வீடு பார்க்கும்போது வாயில் வைத்துப் பாருங்கள்.

பிறப்புச் சாட்சிப்பத்திரம், பாடசாலை விடுகைப்பத்திரம், பிள்ளையின் கிளினிக் புத்தகம் மூன்றையும் கையோடு கொண்டு போங்கள். தமிழ்மொழிப் பாடசாலை எங்கே இருக்கிறது என்று விசாரித்த பிறகே வீடு பாருங்கள். நீர்கொழும்பில் விஜயரத்தினம் இந்துக் கல்லூரி உண்டு. எல்லா ஊரிலும் அப்படிக் கிடையாது. பாடசாலையில் சேர்க்க வாக்காளர் இடாப்பையும் கேட்பார்கள். ஆகவே போன உடனே கிராம சேவகரைக் கண்டு பதிந்துகொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். படிக்கிற புள்ளையைக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்பாதீர்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பது குற்றம். “நல்ல இடம், சாப்பாடும் போடுவாங்க” என்று தரகர் சொல்வதை நம்பவேண்டாம்.

ஊரோடு சேர்தல்

கடலோரத்தில் வெக்கை அதிகம், நுளம்பும் அதிகம். டெங்கு அங்கே சாதாரணமாக வரும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தம் பாருங்கள். பரசிற்றமோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்கவேண்டாம்.

அக்கம்பக்கத்தில் சிங்களவர், முஸ்லிம்கள், கத்தோலிக்க மீனவர் எல்லாரும் இருப்பார்கள். கொஞ்சம் சிங்களம் பேசிப் பழகுங்கள். பிழையாகப் பேசினாலும் யாரும் குறை நினைக்கமாட்டார்கள். நீர்கொழும்புக் கடற்கரைத் தெருவில் நமது கோயில்களும் உண்டு. ஆனால் ஊரோடு சேர நல்ல வழி மரண உதவிச் சங்கம். சிங்களத்தில் ‘மரணாதார சமித்திய’ என்பார்கள். சிறு சந்தாதான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கூடாரம் கட்டுவதும் கதிரை தூக்குவதும் எல்லாரும்தான். நாலு சாவுக்கு நீங்கள் போய் நின்றால், உங்கள் வீட்டுக்கு ஒன்று என்றால் ஊரே வந்து நிற்கும். தோட்டத்தில் நாம் அப்படித்தானே வாழ்ந்தோம்?

கடைசியாக ஒன்று. லயத்தில் விட்டுவந்த அப்பா அம்மாவை மறக்காதீர்கள். காசு அனுப்பினால் மட்டும் போதாது. பேரப்பிள்ளையின் குரலை வாரம் ஒருமுறையாவது அவர்கள் கேட்கட்டும்.