சல்லேகனை: தீரா நோயுற்ற பெண்களின் நோன்பு

சல்லேகனை, சமண சமயத்தில் உணவைப் படிப்படியாகக் குறைத்து உயிர் துறக்கும் நோன்பு. 'மெலியச் செய்தல்' என்பது இச்சொல்லின் பொருள். உடலோடு கோபம், செருக்கு, வஞ்சனை, பேராசை ஆகிய நான்கும் மெலிய வேண்டும் என்பது கருத்து. சுவேதாம்பரர் இதனைச் சந்தாரா என்பர். துறவியரும் இல்லறத்தாரும் இதை ஏற்கலாம். தற்காலத்தில் இந்நோன்பை ஏற்பவர்களில் பெண்களே மிகுதி என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். அவர்களில் புற்றுநோய் போன்ற தீரா நோயுற்ற இல்லறப் பெண்களும் உள்ளனர்.

ஏற்கும் சூழல்

சமந்தபத்திரர் இயற்றிய இரத்தின கரண்டக சிராவகாசாரம், நீக்க முடியாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராத நோய் ஆகிய நிலைகளில் சல்லேகனையை விதிக்கிறது. அந்நூலைத் தழுவித் தமிழில் எழுதப்பட்ட அருங்கலச்செப்பும் இதனை விளக்குகிறது.

நோன்பு முறை

நோன்பு ஏற்பவர் உறவு, பகை, உடைமை ஆகியவற்றின் பற்றை விடுகிறார். குடும்பத்தாரிடமும் மற்றவர்களிடமும் மன்னிப்புக் கேட்டு, தானும் அனைவரையும் மன்னிக்கிறார். முதலில் திட உணவு நிறுத்தப்படும். பின்னர் பால், அடுத்து மோர், அதன்பின் வெந்நீர் எனக் குறைத்து, இறுதியில் நீரும் கைவிடப்படும். பஞ்ச நமஸ்கார மந்திரம் இறுதிவரை மனதில் நிற்க வேண்டும். நோயால் வாய்விட்டுச் சொல்ல இயலாதவருக்கு அருகிலிருப்போர் ஓதுவர்.

தவிர்க்க வேண்டியவை

தத்துவார்த்த சூத்திரம் இந்நோன்புக்கு ஐந்து பிழைகளைக் கூறுகிறது. அவை:

- மேலும் வாழ விரும்புதல்
- விரைவில் இறக்க விரும்புதல்
- நண்பர்மேல் பற்று
- துய்த்த இன்பங்களை நினைத்தல்
- மறுமையில் இன்பம் வேண்டுதல்

வலி தாளாமல் மரணத்தை விரும்புவது இரண்டாவது பிழையில் அடங்கும். ஆகவே நோயுற்ற பெண்ணுக்கு இந்நோன்பு வலியிலிருந்து தப்பும் வழியாகக் கருதப்படுவதில்லை. சல்லேகனை தற்கொலை அல்ல என்பதற்குச் சமணர் முன்வைக்கும் முதன்மையான காரணமும் இதுவே.

சட்ட விவாதம்

2006-ல் இந்நோன்பை எதிர்த்து ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. அவ்வாண்டில் ஜெய்ப்பூரில் புற்றுநோய் முற்றிய பெண் ஒருவர் சந்தாரா ஏற்றது பரவலான விவாதத்துக்கு உள்ளானது. நோயுற்ற, முதிய பெண்கள் குடும்பப் பெருமைக்காகவோ மருத்துவச் செலவைத் தவிர்க்கவோ நோன்புக்குத் தள்ளப்படலாம் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். அவர்கள் இதனை உடன்கட்டை ஏறுதலுடன் ஒப்பிட்டனர். தெளிந்த அறிவோடு, தானே விரும்பி ஏற்பதே சல்லேகனை என்றும், பிறர் வற்புறுத்தினால் அது நோன்பாகாது என்றும் சமணர் பதிலளித்தனர்.

2015 ஆகஸ்ட் 10 அன்று உயர் நீதிமன்றம் இதனைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதித் தீர்ப்பளித்தது. சமணர்கள் நாடெங்கும் அமைதிப் பேரணிகள் நடத்தினர். ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது.